பத்து ஆராங் சுரங்கம்

பள்ளி விடுமுறையில் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சிலாங்கூரிலுள்ள உறவினர் வீடுகளுக்குச் செல்வீர்கள். ரவாங் பக்கம் போனால் பத்து ஆராங்கைக் காணலாம். மலாய் மொழியில் 'பத்து ஆராங்' என்றால் நிலக்கரி.

1915-இல் மலாயன் காலியரீஸ் நிறுவனம் இங்கு கரி தோண்டத் தொடங்கியது. ரயில் எஞ்சின்களும் மின் நிலையங்களும் அக்கரியால் இயங்கின. சீனரும் நம்மவரும் இங்கு உழைத்தனர். போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, சுரங்கம் ஜப்பானியர் கையில் இருந்தது. 1960-இல் மூடப்பட்டது.

இன்று பழைய புகைபோக்கியும் இடிந்த கட்டடங்களும் எஞ்சியிருக்கின்றன. வெளியே நின்று பாருங்கள். சுரங்க வாய் தென்பட்டால் நுழையாதீர்கள். கூரையைத் தாங்கிய மரத்தூண்கள் உளுத்திருக்கும். அதைவிடக் கொடியது காற்று. அடைபட்ட இடத்தில் நிலக்கரி மெல்ல மெல்லப் பிராணவாயுவை உறிஞ்சிக் கரியமில வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணத்தாலும் அறிய முடியாது. உள்ளே போனவர் மயங்கி விழுவார். காப்பாற்ற ஓடியவரும் அவரருகே விழுவார். ஆகவே நண்பன் விழுந்தால் பின்னால் ஓடாதீர்கள்; உடனே 999-க்குத் தகவல் சொல்லுங்கள்.

உள்ளே என்ன இருந்தது என்று அறிய ஆசையா? அங்கு உழைத்தவர்களின் பிள்ளைகளைத் தேடிக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.