சொல்வழி கேளாத பிள்ளையா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"இவன் சொல்வழி கேளாத பிள்ளை" என்ற முறைப்பாட்டை நம் வீடுகளிலே அடிக்கடி கேட்கின்றோம். அது சில பிள்ளைகளுக்குப் பெரும் அநியாயமாய் முடிகின்றது என்பதை எடுத்துக் கூறவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

நாலரை வயதுச் சிறுவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கின்றது, ஓடியாடி விளையாடுகின்றான். தாய் அடுக்களையில் நின்று, "தம்பி, அறைக்குள்ளை போய் மேசையிலை கிடக்கிற செம்பை எடுத்து அம்மம்மாவிட்டைக் குடுத்திட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வா" என்கின்றாள். அவன் அறைக்குள் போகின்றான், சற்றே நிற்கின்றான், வெறுங்கையோடு வந்து சாப்பிட உட்காருகின்றான். "பராக்கு!" என்று ஏச்சு விழுகின்றது. உண்மை யாதெனில், அந்த நீண்ட வாக்கியத்தில் அவனுக்கு எட்டியவை "அறை", "சாப்பிட வா" என்னும் இரண்டுமே. நடுவில் உள்ளவை காதில் விழுந்தன, கருத்தில் நிற்கவில்லை.

மாலையில் அழுதுகொண்டு வருகின்றான். "ஆர் அடிச்சது? ஏன் அடிச்சவன்?" என்று கேட்கின்றோம். நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை அடுக்கிச் சொல்ல அவனுக்கு வார்த்தை வருவதில்லை. "பந்து... அவன்... போ" என்று தடுமாறுகின்றான். நாம் மீண்டும் கேட்கக் கோபங்கொண்டு பந்தை எறிகின்றான். விளையாட்டிலும் இதே கதைதான். மற்றப் பிள்ளைகள் வாயாற் பேசி விதி வகுக்கின்றார்கள். விதி விளங்காத இவன் முறைமாறி ஓடுகின்றான். நாளடைவில் அவனை விட்டுவிட்டு விளையாடுகின்றார்கள். பாலர் வகுப்பிலே கதை சொல்லும் வேளையில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். வீட்டிலே பிடிவாதக்காரன், முற்றத்திலே சண்டைக்காரன், வகுப்பிலே மக்கு என மூன்று பட்டங்கள் ஒரு சிறுவனுக்குக் கிடைத்துவிடுகின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றாய் இருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை.

அந்த வேருக்கு மொழிவளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். டொரதி பிஷப் என்னும் ஆங்கில உளவியலறிஞரும் அவருடன் சேர்ந்த பல துறை அறிஞரும் ஆராய்ந்து, முன்னர் பல பெயர்களால் வழங்கிய இதற்கு ஒரே பெயரை 2017ஆம் ஆண்டில் வகுத்தனர். செவிப்புலக் குறை, ஓட்டிசம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு போன்ற வேறொரு காரணம் இல்லாமலே, மொழியை விளங்குவதும் அதனைக் கையாள்வதும் அன்றாட வாழ்வைத் தடுக்குமளவிற்குப் பிள்ளைக்குக் கடினமாயிருப்பதே இதன் இலக்கணம். கொன்னுதல் வேறு; இது வேறு.

இது அரிதான ஒன்றன்று. இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலே பாடசாலை தொடங்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 பேர் உள்ள வகுப்பிலே ஏறக்குறைய இருவருக்கு இக்குறை உண்டு. அமெரிக்காவிலே 1997இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றும் 100க்கு 7 பேர் என்றே காட்டிற்று. அதில் நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி வேறொன்று. குறைபாடு காணப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரில் 100க்கு 29 பேருக்கே அதுபற்றி முன்னர் எவரேனும் சொல்லியிருந்தனர். ஏனையோர் தம் பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் காரணம் அறியாதிருந்தனர்.

"தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், தானாய் வரும்" என்று பெரியோர் ஆறுதல் கூறுவதுண்டு. அதில் ஒரு பாதி உண்மை. இரண்டு வயதிலே பேச்சுப் பிந்தும் பிள்ளைகளிற் பலர் பின்னர் ஏனையோரை எட்டிப் பிடிக்கின்றனர். ஆனால் ஐந்து வயதிலும் தடுமாற்றம் நீங்காவிடின், அது தானாய் நீங்கும் என்று காத்திருத்தல் தகாது. இக்குறை குடும்பவழி வருதலும் உண்டாதலால், தகப்பனும் பிந்தினார் என்பது ஆறுதலுக்கன்றி விழிப்புக்கே காரணமாதல் வேண்டும்.

தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று. இரண்டு மொழி கேட்டு வளர்வதும் காரணமன்று. "வீட்டிலே தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சிலர் புத்தி கூறுகின்றனர். அதனைக் கேட்டால், பிள்ளை அம்மம்மாவோடு பேசும் மொழியையும் இழப்பானேயன்றி வேறு பயன் காணான்.

நிற்க, நாம் செய்யத்தக்கது யாது? உலக சுகாதார தாபனம் 2001இல் வகுத்த முறையிலே, ஒருவரின் குறையை மட்டும் நோக்காது, அவர் அன்றாடம் எதைச் செய்கின்றார், எதிற் பங்குபற்றுகின்றார், சூழல் அவருக்குத் துணையா தடையா என்பவற்றையும் நோக்கவேண்டும் என்கின்றனர். பிள்ளையின் சூழல் என்பது நாமேயன்றோ?

ஆகவே, அவன் முகம் பார்த்து ஒரு நேரத்தில் ஒரு காரியத்தையே சொல்வோம். "செம்பை எடு" என்று காட்டுவோம். எடுத்தபின் அடுத்ததைச் சொல்வோம். விடை சொல்ல அவகாசம் கொடுத்துப் பொறுத்திருப்போம். "பந்து போ" என்று அவன் சொன்னால், "சரியாய்ச் சொல்" என்று அதட்டாமல், "ஓம், பந்து மதிலுக்கு அங்காலை போட்டுது" என்று நிறைவாக்கிக் கொடுப்போம். விளையாட்டு விதியை வாயாற் சொல்வதோடு நில்லாது ஆடிக் காட்டுவோம். முதலிற் காதைப் பரிசோதிப்பித்து, வைத்தியரின் ஆலோசனையுடன் பேச்சு மொழிச் சிகிச்சையாளரை நாடுவோம். இக்குறை பலருக்கு வளர்ந்தபின்னும் நீடிப்பதுண்டு. வாசிப்பிலும் தொல்லை தருவதுண்டு. எனினும் தக்க துணை கிடைத்தால் அவர்கள் கற்கவும் தொழில் புரியவும் நண்பரோடு கூடி மகிழவும் வல்லவராவர்.

இளைஞர்களே, மாலை வேளைகளிலே சிறுவரை விளையாட விடுபவரும், அவர்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பவரும் நீங்களே. ஓரமாய் ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்றைக் காணும்போது, "சொல்வழி கேளாதவன்" என்று தள்ளுமுன், நம் சொல் அவனிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை பாருங்கள். சேரவில்லையாயின், அதற்கு வழி அமைத்தல் மூத்தவராகிய நமது கடன்.