வராத இணைப்புக்குக் காத்திருக்கும் கணினி



நாற்பது நிமிடப் பாடவேளையில் கணினி திறக்கவே நிமிடக் கணக்கில் ஆனால் பிள்ளைகளின் கவனம் சிதறிவிடும். "கணினி பழசாகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸை மறுபடி நிறுவலாம்" என்று முடிவு செய்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். மாணவர்கள் சேமித்து வைத்திருந்த ஓவியங்களும் கட்டுரைகளும் போயின; தாமதம் மட்டும் போகவில்லை. கணினியில் கோளாறே இல்லை. கேபிள் செருகியிருந்தது; முகவரி தரவேண்டிய ரூட்டர் அணைந்திருந்தது. வராத இணைப்புக்காகக் கணினி காத்துக்கொண்டிருந்தது.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில், கணினி தொடங்கும்போது எந்தச் சேவை எப்போது இயங்க வேண்டும் என்பதைக் கவனிப்பது சிஸ்டம்டி. ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தையும் அது குறித்து வைக்கிறது. டெர்மினலைத் திறந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்று கொடுங்கள். அதிக நேரம் எடுத்த சேவை பட்டியலில் முதலில் வரும். பின்னணியில் ஓடியவையும் அதில் இருக்கும் என்பதால் உடனே எதையும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து ‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்’ கொடுங்கள். எது எதற்காகக் காத்து நின்றது என்பது வரிசையாகத் தெரியும்.

இரண்டிலும் ‘நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்’ என்ற சேவை அதிக நேரத்துடன் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இணைப்பை உண்டாக்குவது இதன் வேலை அல்ல. இணைப்பு வரும்வரை அல்லது கெடு முடியும்வரை மற்றவற்றைக் காக்க வைப்பதே இதன் வேலை.

நிறுத்துமுன் ஒன்றைப் பாருங்கள். மாணவர்களின் கோப்புகள் சர்வரில் இருந்தால் இந்தக் காத்திருப்பு தேவை. அங்கே ரூட்டரை முதலில் போடுவதே தீர்வு. கோப்புகள் அந்தந்தக் கணினியிலேயே இருந்தால், ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்’ என்பதோடு சேவையின் முழுப்பெயரைக் கொடுங்கள். ‘வெயிட்-ஆன்லைன்’ என்ற பகுதியை விட்டுவிட்டால், அடுத்த முறை கணினியைப் போடும்போது இணைப்பே வராது. கவனம். சரியாகச் செய்தால் ரூட்டரைப் போட்டதும் இணையம் வழக்கம்போல் வரும். பழைய நிலை வேண்டுமென்றால் ‘டிசேபிள்’ இருந்த இடத்தில் ‘எனேபிள்’ போதும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று மட்டும் கொடுத்தால் மொத்த நேரம் தெரியும். அதை மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அளந்து பார்த்த பிறகே பழுதைத் தொட வேண்டும் என்பதை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்வார்கள். அவர்களின் கோப்புகளும் பத்திரமாக இருக்கும்.