மண் பிடித்த மருந்து

செம்பனை மரங்களைச் சுற்றிக் களைமருந்து அடித்துவிட்டு வருவோரிடம், அந்த மருந்து பிறகு என்ன ஆகிறது என்று கேட்டுப்பாருங்கள். "மண்ணில் பட்டதும் செத்துப்போகும்" என்பார்கள். செத்துப்போவது வேறு, மண்ணில் ஒட்டிக்கொள்வது வேறு. அந்த ஒட்டுதலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் என்னும் களைமருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் மொத்தம் 18 அணுக்களே உண்டு. அதன் ஒரு முனை, நாம் மரத்துக்குப் போடும் பாஸ்பேட் உரத்தின் சாயலில் இருக்கும். நம் தோட்டத்து மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் தருபவையோ இரும்பு ஆக்சைடுகள். துருவின் இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் கோதைட். ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் நினைவாக வைத்த பெயர். கவிஞர் பெயரைக் கல்லுக்கு வைக்கவும் ஒரு மனம் வேண்டும்!

மருந்தின் அந்த முனை கோதைட்டிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்கிறது. ஒரு கையால் பற்றுகிறதா, இரு கைகளாலுமா? கண்ணுக்குத் தெரியாத இதை வேதியியலார் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். கோதைட்டின் அணுக்களை வரிசையாக அடுக்கி, அதன்மேல் மருந்து மூலக்கூறைப் பல கோணங்களில் வைத்து, ஒவ்வொரு நிலைக்கும் ஆற்றலைக் கணக்கிடுகிறார்கள். கிணற்றில் விழுந்த வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதோ, அவ்வளவு பாடுபட்டே மேலே எடுக்கவேண்டும். ஆற்றல் குறையக் குறைய ஒட்டுதலும் அப்படித்தான் இறுகும். எலெக்ட்ரான்களைத் தனித்தனியே பின்தொடராமல், அவற்றின் அடர்த்தியைக் கொண்டே இதைக் கணக்கிட 1964, 1965-ஆம் ஆண்டுகளில் வழி வகுத்தவர்களுள் ஒருவர் வால்டர் கோன். 1998-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கணினியில் இருப்பது சில நூறு அணுக்கள் கொண்ட சுத்தமான பரப்பு. நம் மண்ணிலோ மக்கிய ஓலை, மழைநீர், புழு பூச்சி எல்லாம் உண்டு. ஆகையால் ஆய்வுக்கூடச் சோதனையும் கூடவே வேண்டும். அச்சோதனைகள் காட்டிய ஒன்று: பாஸ்பேட்டும் இதே இடத்துக்குப் போட்டியிடுகிறது. உரம் மிகுந்த மண்ணில் மருந்துக்குப் பிடி தளரும்.

மருந்தைச் சிதைப்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். இறுக ஒட்டியிருப்பது அவற்றுக்கு எளிதில் எட்டாது. பெருமழையில் மண் கரைந்தோடினால், ஒட்டிய மருந்தும் ஓடைக்குப் போய்விடும். இம்மருந்து மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் வகைப்படுத்தியது. வேறு சில நாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வாதம் முடியும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை.

மருந்தடித்தவரின் சட்டையில் இரும்பு ஆக்சைடு ஏது? அதில் பட்ட மருந்து தண்ணீரில் சுலபமாகக் கரைந்து இறங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளி உடுப்பை அதே வாளியில் ஊறவைக்காதீர்கள், தாய்மார்களே. பம்பையும் ஓடையில் கழுவவேண்டாம்.