பேராசிரியரின் பொழுது

கல்லூரி ஆசிரியர்களைப் பற்றி நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. "அவர்களுக்கென்ன, நாளைக்கு மூன்று மணி நேர வேலை, கோடையில் நீண்ட விடுமுறை, நிறைந்த சம்பளம்" என்பதே அப்பேச்சு. காலையில் அலுவலகம் புகுந்து மாலையில் களைத்துத் திரும்பும் என் போன்றோர் இதனைச் சற்றுப் பொறாமையுடனேயே கூறி வருகிறோம். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் காலத்தில் இப்பேச்சு தவறாமல் எழுவதைக் கேட்டிருக்கிறேன். இதில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். நம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கும் ஆசிரியர் தம் பொழுதை எவ்வாறு பகிர்ந்து செலவிடுகிறார் என்பது நமக்குப் புறம்பான செய்தியன்று.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948-49ஆம் ஆண்டுகளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, தேர்வு நாட்களை நீக்கி ஆண்டுக்கு 180 வேலை நாட்களேனும் இருத்தல் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அந்த எண் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறையும் 180 கற்பிக்கும் நாட்களையே கூறுகிறது. அவ்வொழுங்குமுறையின்படி முழுநேர ஆசிரியர் ஒருவரின் பணி, ஆண்டில் 30 வாரங்களுக்கு, வாரத்திற்கு 40 மணிக்குக் குறையலாகாது. நாள்தோறும் 5 மணி நேரமேனும் அவர் கல்லூரியில் இருத்தல் வேண்டும். வகுப்பில் நேராகக் கற்பிக்கும் நேரம், உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி.

இங்கே ஒரு சிறு கழித்தல் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பதிலிருந்து பதினாறைக் கழித்தால் இருபத்து நான்கு. ஆண்டுக் கணக்கில் 1,200 மணி நேரப் பணியில் வகுப்பறையில் கழிவது 480 மணி. நாம் காண்பதும் பேசுவதும் இந்த 480 மணியைப் பற்றியே. எஞ்சிய 720 மணி நம் கண்ணில் படுவதில்லை. கல்வியின் தரம் எங்கே உருவாகிறது, எங்கே சிதைகிறது என்று கேட்டால், அந்தக் கண்ணில் படாத நேரத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன்.

அந்நேரத்தில் முதலிடம் பெறுவது பாடத்திற்கான ஆயத்தம். பொருளாதாரம் போதிக்கும் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். நாட்டு வருமானம் பற்றிய கோட்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஆனால் புள்ளிகள் மாறுகின்றன, வரவு செலவுத் திட்டம் மாறுகிறது, வரி முறை மாறுகிறது. சென்ற ஆண்டின் குறிப்பேட்டை அப்படியே எடுத்துச் செல்பவர் மாணவர்க்குப் பழைய நாட்டைக் காட்டியவராவார். இரசாயன ஆசிரியரோ, மாணவர் சோதனைக் கூடத்தில் நுழையுமுன் கரைசல்கள் சரியாக உள்ளனவா என்று பார்த்தாக வேண்டும். இலக்கியம் கற்பிப்பவர் நூறு முறை படித்த நூலையும் வகுப்புக்கு முன் மீண்டும் ஒருமுறை படிக்கிறார். அவ்வாறு படியாதவரின் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலர் மாணவப் பருவத்திலேயே அறிந்திருக்கிறோம்.

இரண்டாவது, எழுதியதைத் திருத்துதல். ஒரு வகுப்பில் 60 மாணவர் உளர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுதித் தருகின்றனர். அதைப் படித்து, பிழை சுட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம் ஆகும் எனில், ஒரு வகுப்பின் ஒரு கட்டுரைக்கே 10 மணி நேரம் வேண்டும். அத்தகைய வகுப்புகள் இரண்டு இருந்தால் 20 மணி. அந்த வாரத்தின் 24 மணியில் மிஞ்சுவது நான்கே. இதனால்தான் பல கல்லூரிகளில் கட்டுரை எழுதும் பயிற்சி குறைந்து, கையொப்பமிட்டு மதிப்பெண் மட்டும் இடும் வழக்கம் மிகுந்திருக்கிறது. அதைச் சோம்பல் என்று மட்டும் கூறிவிட முடியாது. கணக்கு இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது, தேர்வுப் பணி. பருவமுறை வந்த பிறகு தேர்வு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை வகுப்புகளில் 2011ஆம் ஆண்டளவில் இம்முறை பரவியது. வினாத்தாள் அமைத்தல், தேர்வறையில் மேற்பார்வை, விடைத்தாள் திருத்தல், பிற கல்லூரிகளுக்குச் சென்று செய்முறைத் தேர்வு நடத்துதல் ஆகிய அனைத்தும் இரட்டிப்பாயின. சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலையும் பல இடங்களில் ஆசிரியர் தலையிலேயே விழுகிறது.

நான்காவது, அலுவலகப் பணி. இந்நாளில் மிக வேகமாக வளர்ந்துவரும் பகுதி இதுவே. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் தேசியக் குழு 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கல்லூரி தன்னைத்தானே ஆராய்ந்து அறிக்கை தருவது நல்ல ஏற்பாடே. ஆயினும் அந்த அறிக்கைக்கு வேண்டிய புள்ளிகளையும் சான்றுகளையும் நிழற்படங்களையும் திரட்டுவோர் யார்? பெரும்பாலும் ஆசிரியர்களே. இதனுடன் நூலகக் குழு, விடுதிக் குழு, விளையாட்டுக் குழு, நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை என்று பல பொறுப்புகள் உண்டு. இவற்றுள் பல மாணவர் வாழ்வுக்கு இன்றியமையாதவை. ஒரே செய்தியை ஐந்து படிவங்களில் ஐந்து விதமாக நிரப்புவதோ எவர் வாழ்வுக்கும் இன்றியமையாததன்று.

ஐந்தாவது, ஆய்வு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல் வெளிவந்தன. இவையனைத்தும் அவர் நாள்தோறும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலத்தின் பயன்கள். வகுப்பிற்கு வெளியே இருந்த பொழுது அவருக்குக் கிட்டாமற் போயிருந்தால், தமிழர் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு சான்று, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு நெருக்கமானது. சர் சி. வி. ராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் அறிவியல் கழகமொன்றின் கூடத்தில் ஆய்வு செய்தார். 1917இல், வருவாய் குறையும் என்று தெரிந்தே, அரசுப் பதவியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு 1930இல் நோபல் பரிசு பெற்றது. டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், பிளாங்க் விதியை மாணவர்க்கு விளக்க முற்பட்டபோது பழைய விளக்கத்தில் நிறைவு கொள்ளாமல் புதுவழி தேடினார். அத்தேடலே அவருடைய 1924ஆம் ஆண்டுக் கட்டுரையாயிற்று. கற்பித்தலும் ஆய்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதனை உணர்ந்தே, மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வுக்கென வாரத்தில் 6 மணியேனும் ஒதுக்கச் சொன்னது. ஆனால் அதே ஒழுங்குமுறை, பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளைப் புள்ளி போட்டு எண்ணும் முறையையும் கொண்டுவந்தது. எண்ணிக்கை வேண்டும் என்றதும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்கள் பெருகின. 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கல்லூரி ஆசிரியர்களுக்கு அம்முறையைத் தளர்த்தி, கற்பித்தலுக்கு முதன்மை தந்தது. எண்ணுவதற்கு எளிதானதை எண்ணத் தொடங்கினால், எண்ண முடியாதது இளைத்துப்போகும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

ஆறாவதாக ஒன்றைக் கூறுகிறேன். இறுதியில் வைத்தேனாயினும் முதன்மையானது அதுவே. மாணவருடன் தனியே உரையாடும் நேரம் அது. வகுப்பு நேரத்திற்கு மேற்பட்டு, இளங்கலை மாணவர்க்கு வழிகாட்டவும் நூலகத்தில் துணை செய்யவும் நாளொன்றுக்கு 2 மணியேனும் தரவேண்டும் என்று 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. வேற்று மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு மணியின் அருமை பெரிது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே நிற்கும் முதலாண்டு மாணவன், அறுபது பேர் நடுவே எழுந்து நின்று "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லமாட்டான். ஆசிரியர் அறையின் கதவு திறந்திருந்தால், உள்ளே அவர் கோப்பில் தலை கவிழாது அமர்ந்திருந்தால், ஒருநாள் அவன் தயங்கித் தயங்கி நுழைவான். அந்த அரைமணி நேரம் அவனுடைய படிப்பையே திருப்பிவிடக் கூடும். அது எந்த அட்டவணையிலும் தனி வரியாக இடம் பெறாது.

இப்பகிர்வு குலைந்தால் என்ன நேரும் என்பதை 2016ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதம் மானியக் குழு வகுப்பு நேரத்தை உயர்த்தியது. உதவிப் பேராசிரியருக்கு 16 மணி என்பது 18 ஆகி, அதன்மேல் 6 மணிப் பயிற்சி வகுப்பும் சேர்ந்து, 24 மணியாயிற்று. டில்லி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஒரே ஆசிரியர் கூடுதலாக வகுப்பெடுத்தால் தற்காலிக ஆசிரியர் பலர் வேலை இழப்பர் என்பது அவர்களுடைய முறையீடு. சில வாரங்களில் அவ்வுயர்வு திரும்பப் பெறப்பட்டது. வகுப்பு மணியைக் கூட்டினால் கல்வி கூடும் என்ற எண்ணம் இயல்பானதே; ஆனால் அந்த மணிகள் ஆயத்தத்திலிருந்தும் திருத்தத்திலிருந்தும் உரையாடலிலிருந்தும் அல்லவா எடுக்கப்படுகின்றன?

இன்னொரு வகையினர் நிலை மேலும் கடினம். விரிவுரைக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் கௌரவ ஆசிரியர்கள் பல்லாயிரவர் இந்நாட்டில் உளர். 2019இல் மானியக் குழு உயர்த்திய விகிதம், விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்பதாகும். இவர்களுடைய ஊதியக் கணக்கில் வகுப்பறை மணி மட்டுமே மணி. வீட்டில் விழித்திருந்து படித்த இரவுக்கும், தாழ்வாரத்தில் நின்று மாணவனின் ஐயம் தீர்த்த நேரத்திற்கும் அங்கே இடமில்லை.

என் தொழிலிலும் இதை ஒத்த ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளன் ஒரு நாளில் எத்தனை பக்கம் முடித்தான் என்றே மேலதிகாரிகள் கேட்பர். ஒரு சட்டச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடி நான்கு அகராதிகளைப் புரட்டிய மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆயினும் அந்த ஒரு சொல் பிழைத்தால் பக்கமே பிழைத்துவிடும். ஆசிரியரின் 24 மணியும் அத்தகையதே.

நடுநிலை கருதி மற்றொன்றையும் சொல்லவேண்டும். கண்ணில் படாத நேரத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரும் இல்லாமலில்லை. வகுப்பு முடிந்ததும் தனிப் பயிற்சி நிலையத்திற்கு விரைவோரும், வகுப்புக்கே வாராதோரும் உளர். தமக்குரிய வகுப்புகளில் நூற்றுக்கு 80 நடத்தியவரை நன்று என்றும், 70க்குக் குறைந்தவரை நிறைவளிக்காதவர் என்றும் 2018ஆம் ஆண்டு விதி தரம் பிரிப்பது இதனாலேயே. சிலர் பிழைக்காகப் பலர் பொழுதையும் படிவங்களால் நிரப்புவது நோய்க்கு மருந்தாகாது.

ஆகவே நான் கூற விரும்புவது இதுதான். வகுப்பு நேரத்திற்குக் கால அட்டவணை காவல். தேர்வுக்குத் தேதி காவல். கோப்புக்குக் கெடு காவல். ஆயத்தத்திற்கும், திருத்தத்திற்கும், உரையாடலுக்கும், ஆய்வுக்கும் காவல் யாருமில்லை. சுமை ஏறும்போது முதலில் சுருங்குவன காவலற்ற அந்த மணிகளே. கல்லூரி நிர்வாகங்கள் எழுத்தர் பணிக்கு எழுத்தரை நியமித்து, ஒருமுறை திரட்டிய புள்ளியையே மீண்டும் மீண்டும் பயன்படுத்த வகை செய்தல் வேண்டும். காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்புதல் வேண்டும். பெற்றோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கல்லூரிக்குச் செல்லும்போது "வாரத்தில் எத்தனை வகுப்பு?" என்று கேட்பதோடு நில்லாமல், "ஆசிரியரை மாணவர் எப்போது காணலாம்?" என்றும் கேட்போம். நம் பிள்ளைகளை, தயங்காமல் அந்தக் கதவைத் தட்டுமாறு ஊக்குவிப்போம்.

2021-22ஆம் ஆண்டு அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 45,000க்கு மேற்பட்ட கல்லூரிகளும், உயர்கல்வித் துறையில் ஏறத்தாழ 16 லட்சம் ஆசிரியர்களும் உளர். அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல் என்பர் நம் உழவர். அந்த 16 லட்சம் பேரும் ஆழ உழுவதற்கு வேண்டிய பொழுதை அவர்களுக்கு விட்டுவைப்போமாக. அதன் விளைச்சல் நம் வீட்டுக்கே வந்து சேரும்.