குளியலறைக் குழாய்க்கும் காற்று வேணும்
பண்ணை ஒலிபரப்பில் பேசியது



எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்துப் பார்த்திருப்பீர்கள். 'குபுக், குபுக்' என்று விட்டு விட்டுத்தான் விழும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் ஒரே சீராக இறங்கும். உள்ளே காற்று போனால்தானே வெளியே எண்ணெய் வரும்? வயலுக்குப் புதைத்த குழாயிலும் மேட்டுப் பக்கமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்துகிறோம். ஆக, இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். வீட்டுக்குள் குளியலறை கட்டும்போது மட்டும் எப்படியோ மறந்து போகிறது.

எங்கள் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கொல்லைப்புறக் கக்கூஸை இடித்துவிட்டு, பின்பக்கத் தாழ்வாரத்தை அடைத்து, குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டினார். சுவர் முழுக்க டைல்ஸ். செப்டிக் டேங்க் பழையதுதான். நல்ல நிலையில் இருந்ததால் குழாயை மட்டும் புதிதாக இழுத்தார்கள். டேங்கின் மேல் உயரமாக நின்ற காற்றுக் குழாய் கல்யாணப் பந்தலுக்கு இடைஞ்சல் என்று கொத்தனார் அதை அறுத்து, மூடி போட்டு அடைத்துவிட்டார்.

ஒரு மாதத்தில் நாற்றம் கிளம்பியது. பினாயில் பினாயிலாக ஊற்றினார்கள். எலி செத்துக் கிடக்கிறதா என்று பரண் எல்லாம் தேடினார்கள். கடைசியில் பழி மருமகள் தலையில் விழுந்தது. "சரியாத் தேய்ச்சுக் கழுவறதில்லை" என்று அண்ணி சொல்ல, அந்தப் பெண் காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்ததுதான் மிச்சம். மூன்று மாதம் கழித்துத்தான் அண்ணன், "தம்பி, ஒரு நடை வந்து பாரேன்" என்றார்.

போனேன். கழிப்பறைக் கோப்பையில் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கொட்டச் சொல்லிவிட்டு, குளிக்கிற இடத்துச் சல்லடையைத் தூக்கி உள்ளே பார்த்தேன். 'களக், களக்' என்று சத்தம். அங்கே நின்ற தண்ணீர் கண்ணெதிரே உள்ளே இழுபட்டுப் போனது. அப்புறம் அந்த ஓட்டை வழியாகவே டேங்க் நாற்றம் முகத்தில் அடித்தது.

இது ஏன் என்று கேளுங்கள். தரையில் தண்ணீர் இறங்குகிற இடத்தில் 'நானி டிராப்' என்று ஒன்று வைப்பார்கள். கோப்பைக்குக் கீழேயும் ஒரு வளைவு உண்டு. இரண்டிலும் எப்போதும் இரண்டு அங்குலமாவது தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். டேங்க் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். குழாயில் ஒரு வாளித் தண்ணீர் வேகமாக ஓடும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. காற்று வர வேறு வழி இல்லையென்றால், தொட்டித் தண்ணீரை டியூப் போட்டு உறிஞ்சி இறக்குகிறோமே, அதே மாதிரி டிராப்பில் நிற்கிற தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, டேங்கில் உண்டாகும் வாயுவுக்கும் போக்கிடம் இல்லை. அது வீட்டுக்குள்தான் வரும். ஆயிரம் பினாயில் ஊற்றி என்ன செய்ய?

நல்லவேளை, டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கவில்லை. சுவருக்கு வெளியே, பெரிய குழாயின் மேல்பக்கத்திலிருந்து ஒரு கிளை எடுத்து, மூன்று அங்குல பி.வி.சி. குழாயைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வரை கொண்டுபோனோம். டேங்கின் பழைய குழாயையும் திரும்ப நிறுத்தினோம். அண்ணி மருமகளிடம் என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காபி மட்டும் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் போனது.

நீங்கள் வேலை தொடங்குகிறீர்கள் என்றால், டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் குழாய் வேலையை நின்று பாருங்கள். கழிப்பறைக்கு நாலு அங்குலக் குழாய். வாட்டம் நாற்பதுக்கு ஒன்று. அதாவது பத்தடி ஓட்டத்துக்கு மூன்று அங்குல இறக்கம். கண்மதிப்பில் விட வேண்டாம், ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பத்தில் ஒரேயடியாக மூலைமட்டமாக மடக்காமல் இரண்டு அரை வளைவாகப் போட்டால் அடைப்பு குறையும். அந்த இடத்தில் திறந்து குத்துகிற மாதிரி 'டோர் பெண்டு' வைத்துவிட்டால் பின்னால் தரையை உடைக்க வேண்டாம். தரை மூடுமுன் கடைசி முனையை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் நிறுத்தி, கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். கொத்தனார் அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், குழாய் வீட்டின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் நிற்க வேண்டும். நுனியில் கொசுவலைக் கம்பி கட்டுங்கள். ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டாம். இரட்டை உறிஞ்சுகுழிக் கழிப்பறை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழாய் தேவையில்லை. அங்கே வாயு சுற்றியுள்ள மண்ணுக்குள் போய்விடும். குளிக்கிற தண்ணீரைத் தனியாகப் பிரித்து வாழைக்கு விட முடிந்தால் இன்னும் நல்லது. டேங்க்கும் சீக்கிரம் நிறையாது.

இன்னொன்று. டேங்கில் உண்டாகிற வாயு சாதாரணமானதல்ல. சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே மீத்தேன் இதிலும் உண்டு. ஆகவே மூடியைத் திறந்து தீக்குச்சி கிழிக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. அது அதிகமானால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. ஆள் மயங்கி விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். இப்படியே ஒரே குழியில் அடுத்தடுத்து உயிர் போயிருக்கிறது. அடைப்பு எடுக்க, டேங்க் கழுவ என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடை செய்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

விருந்தாளிக்கென்று தனிக் குளியலறை கட்டிப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? கோடையில் அதன் டிராப்பில் நிற்கிற தண்ணீர் காய்ந்துவிடும். வாரம் ஒரு வாளித் தண்ணீர் அதிலும் ஊற்றி வையுங்கள்.