வீடும் பள்ளியும் கைகோக்க வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நிற்க எனக்குத் தகுதி ஏதுமில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தன் யான். "உமக்குத் தெரிந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது என் மகளை வளர்த்த கதை. அவள் பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவள். குறையுடைய குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரும், அக்குழந்தையைக் கற்பிக்கும் ஆசிரியரும் எவ்வாறு இணைந்து நிற்க வேண்டும் என்பதை, யான் செய்த பிழைகளைக் கொண்டே சொல்ல விழைகிறேன்.

வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மழலையின் இனிமையை அவர் பாடியதை அறியாத தமிழர் இலர். ஒன்றரை வயது கடந்தும் எம் வீட்டில் அம்மழலை எழவில்லை. "அவளுடைய அத்தையும் மூன்று வயதில்தான் வாய் திறந்தாள், பொறுத்திருங்கள்" என்றனர் பெரியவர்கள். நேர்த்திக்கடன்கள் நேர்ந்தோம். பித்தளைக் குடம் ஒன்று அவள் முதுகுப்புறத்தே உருண்டு விழுந்தபோது அவள் திரும்பிப் பாராததைக் கண்ட பின்னரே எங்கள் நெஞ்சு திடுக்குற்றது. மருத்துவரிடம் சென்றபோது அவளுக்கு வயது இரண்டரை. பிறந்த சில நாள்களிலேயே செவிப்புலனைச் சோதிக்கும் கருவி உண்டு என்பதையும், முதல் மாதத்தில் சோதனை, மூன்றாம் மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறாம் மாதத்திற்குள் பயிற்சி தொடங்குதல் என்பதே மருத்துவர்கள் கூறும் கணக்கு என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

இதனினும் பெரிய பிழை ஒன்றும் செய்தோம். அவ்வாண்டு நவராத்திரிக் கொலுவுக்கு அண்டை வீடுகளுக்குச் சென்றபோது மூத்த மகனை மட்டும் அழைத்துச் சென்றோம்; அவளை என் தாயாரிடம் விட்டுச் சென்றோம். நால்வர் கேட்பார்களே என்ற நாணம்! அந்த நாணத்தை இன்று நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

செவிக்கருவி பொருத்தினோம். ஒரு பள்ளியில் சேர்த்தோம். பெற்றோர் வாயிலோடு நின்றுவிட வேண்டும் என்பது அப்பள்ளியின் வழக்கம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது. "கற்றவர்கள் கையில் ஒப்படைத்தாயிற்று, இனி அவர்கள் பாடு" என்று மனப்பாரத்தை வாயிலிலேயே இறக்கிவைத்து மீண்டோம்.

சில மாதங்கள் சென்றன. ஒரு மாலை அவள் சமையலறை வாயிலில் நின்று, உருத்தெளியாத ஓர் ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பினாள். என் மனைவிக்கு விளங்கவில்லை. பொம்மையைக் கொடுத்தாள், பிஸ்கோத்துக் கொடுத்தாள். குழந்தை அழுது ஓய்ந்து உறங்கிவிட்டது. இரண்டு மூன்று நாள் அவ்வாறே ஒலித்தாள், பின்னர் நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் கழித்து ஆசிரியை ஒருவர் வழியில் எதிர்ப்பட்டு, "உங்கள் மகள் 'வெள்ளம்' என்று அழகாகச் சொல்கிறாளே, வீட்டிலும் சொல்கிறாளா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

அன்பர்களே! மலையாளத்தில் தண்ணீரை 'வெள்ளம்' என்பர் என்பது இவ்வூரில் வாழும் நமக்கெல்லாம் தெரியும். ஆயினும் "தண்ணீர்" என்று வழங்கும் எம் வீட்டில், எம் குழந்தையின் வாயில் அச்சொல் பிறக்கும் என்று எவர் எதிர்பார்த்தோம்? அவள் வாழ்நாளில் பேசிய முதற்சொல் அது. தாகத்திற்கு நீர் கேட்டாள். பெற்ற தாய்க்குப் புரியவில்லை. சொல்லிப் பயனில்லை என்று கண்டு சொல்லாமலே விட்டுவிட்டாள். பள்ளி தன் கடமையைச் செய்தது. வீடு தன் அன்பைச் செலுத்தியது. இரண்டுக்கும் இடையே ஒரு சொல் நீர் வற்றிப்போயிற்று. குற்றம் எவருடையது? பள்ளி எங்களை அழைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று முதல் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் எங்கள் வாழ்வில் நுழைந்தது. குழந்தையின் பையிலேயே அது போகும்; வரும். "இவ்வாரம் பயிலும் சொற்கள் இவை" என்று ஆசிரியை எழுதுவார். "இச்சொல்லை எம் வீட்டில் இவ்வாறு வழங்குவோம், நேற்று இதைக் காட்டி இன்னதைக் கேட்டாள்" என்று என் மனைவி எழுதுவாள். மலையாள எழுத்து அறியாத அவளுக்குப் பள்ளியில் அம்மொழி கற்ற மூத்தவன் படித்துக் காட்டுவான். ஆண்டு முடிவதற்குள் தானே படிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் தாய்மொழி வேரூன்றட்டும், பிறகு மற்றது என்று ஆசிரியையும் நாங்களும் கலந்து முடிவு செய்தோம். அந்த அம்மையார் இருபது தமிழ்ச் சொற்களைத் தாமும் கற்றுக்கொண்டார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

யான் கணக்கு எழுதுபவன். ஆதலால் ஒரு கணக்குச் சொல்கிறேன். முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரப் படிப்பு என்பது கல்வியுரிமைச் சட்டம் வகுத்த குறைந்த அளவு. குழந்தை நாளொன்றுக்கு 13 மணி விழித்திருந்தால் ஆண்டுக்கு 4,745 மணி. அதில் பள்ளிப் பாடம் ஆறில் ஒரு பங்கே. எஞ்சிய ஐந்து பங்கும் நம் வீட்டிலும் தெருவிலும் கழிகிறது. காது நன்கு கேட்கும் குழந்தை அந்த ஐந்து பங்கில் தானே கேட்டுக் கற்றுக்கொள்ளும். குறையுடைய குழந்தைக்கோ ஒவ்வொன்றையும் எடுத்து ஊட்ட வேண்டும். ஊட்ட வேண்டியது எது என்று ஆசிரியருக்குத் தெரியும். எந்நேரம் பசிக்கும் என்று தாய்க்குத் தெரியும். இருவரும் பேசிக்கொள்ளாவிடின் குழந்தை பட்டினி.

இவ்வுண்மையை உலகம் முன்பே உணர்ந்தது. அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ் அம்மையார், தம் மகன் ஜான் காது கேளாதவனாகப் பிறந்ததால், 1942-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிலையம் கண்டார். அங்கே முதலில் பயிற்சி பெற்றவர்கள் தாய்மார்களே. நெடுந்தொலைவில் வாழும் பெற்றோருக்கு அஞ்சல் வழியாகவே பாடங்களை இலவசமாக அனுப்பினார். நம் சென்னையில் 1969-இல் தோன்றிய பால வித்யாலயா என்னும் பள்ளியிலும், காது கேளாத சிறு குழந்தையோடு தாயும் வகுப்பில் அமர்ந்து பயில்வது முறையாயிற்று.

நாம் வாழும் திருவனந்தபுரமும் இதில் பின்தங்கியதன்று. மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தார் வகுத்த சோதனை அட்டவணை ஒன்று இந்நகரின் பெயராலேயே வழங்குகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குரியது. அதில் உள்ளவை 17 இனங்களே. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்தி, இடப்பக்கம் உள்ளவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையெனில் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதே முறை. 1997-இல் கேரள அரசு தோற்றுவித்த 'நிஷ்' என்னும் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் ஆக்குளத்தில் உள்ளது. அங்கே சிறு குழந்தைகளுக்கான பயிற்சியில் பெற்றோரும் உடனிருந்து கற்கின்றனர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென ஊராட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளுள் முதலாவது, 2004-இல் கோவளத்தை அடுத்த வெங்ஙானூரில் தொடங்கியது. படுக்கையை விட்டு எழவியலாத குழந்தையின் வீட்டுக்கு உடன் பயிலும் சிறுவர்களே சென்று விளையாடிப் பேசி வரும் 'சங்ஙாதிக்கூட்டம்' என்ற ஏற்பாடும் இம்மாநிலத்தில் உண்டு. குழந்தை பள்ளிக்குப் போக இயலாவிடின் பள்ளி வீட்டுக்கு வருகிறது! எத்துணை அழகிய எண்ணம்!

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் குறித்த அளவுக்குக் குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு அண்டைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தந்துள்ளது. ஆதலால் பள்ளிக்குள் நுழைந்து கேட்பது சலுகையன்று, நமக்குள்ள இடம்.

என்னோடு பணிபுரியும் நண்பர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று. குறையுடைய குழந்தையைப் பேணும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோர, அரசாணை வழி செய்கிறது. குழந்தைகளின் கல்விப்படியும் அத்தகைய குழந்தைக்கு இரு மடங்கு. இடமாற்ற உத்தரவு என் பெயருக்கும் வந்தது. அவ்வாணையைக் காட்டி மனுச் செய்தேன். குழந்தையின் பள்ளியும் பயிற்சியும் முறியாமல் காப்பாற்றப்பட்டன. கோப்பு புரட்டும் தொழிலால் எனக்கு விளைந்த பெரும்பயன் இதுவே என்பேன்.

இறுதியாக உங்கள் முன் மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்க்கு ஒன்று: ஐயம் தோன்றினால் காத்திராதீர்கள், பள்ளியில் சேர்த்த பின்னும் வாயிலோடு திரும்பாதீர்கள். ஆசிரியரைக் குறை கூறும் முன், வாரம் ஒருமுறை அவரோடு பேசுங்கள். நாலணாக் காலத்து நோட்டுப் புத்தகமாயினும் போதும், எழுதத் தொடங்குங்கள்.

அண்டை வீட்டார்க்கு ஒன்று: "செவிடு", "ஊமை" என்ற சொற்களை நம் குடியிருப்பிலிருந்து அகற்றுங்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். "யார் செய்த பாவமோ" என்று தாயின் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

நம் சங்கத்திற்கு ஒன்று: மலையாளம் படிக்க அறியாத தமிழ்த் தாய்மார் நம்மிடையே இன்றும் உளர். பள்ளியிலிருந்து வரும் அறிக்கையைப் படித்துச் சொல்லவும், ஆசிரியரிடம் உடன் சென்று பேசவும், விண்ணப்பம் நிரப்பவும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இம்மண்டபத்தில் இரண்டு பேர் அமர்ந்தால் போதும். அவ்விருவருள் ஒருவனாக யான் என் பெயரைக் கொடுக்கிறேன். மற்றொருவர் இச்சபையிலிருந்து முன்வருவார் என நம்புகிறேன்.

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழும் மலையாளமும் எழுதுகிறாள். பேச்சு முற்றும் தெளிவாகவில்லை, ஆயினும் எங்களுக்கும் அவள் தோழியர்க்கும் விளங்குகிறது. கடந்த நவராத்திரியில் நம் குடியிருப்பில் எல்லா வீட்டுக் கொலுவுக்கும் அவளே முன்னால் நடந்து சென்றாள். வருகிற நவராத்திரியில், இன்னும் கதவுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.