முளைக்காத காடு
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணனி விளையாட்டைப் பற்றிச் சங்க மேடையில் பேச என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் இருப்போர் எண்ணக்கூடும். நம் இளைஞர் சிலர் விளையாடுவதோடு நில்லாமல், விளையாடும் நிலத்தையே ஆக்கப் புகுந்துவிட்டனர். அதில் அவர்கள் படும் சங்கடம் பற்றியே என் பேச்சு.

1999இல் வெளிவந்து, 2019இல் புதுக்கிய பதிப்பும் கண்ட 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2' என்னும் போர்த்தந்திர விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 'டைனி' என்ற சிறு நிலப்படத்திலேயே 120க்கு 120, அதாவது 14,400 கட்டங்கள் உண்டு. கையால் தீட்டுவது பெரும்பாடு. ஆகவே கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் வேறு வேறாக நிலத்தைக் கணனியே ஆக்கித் தரும்.

மணல் நிலம் வேண்டும், அதிலே காடும் வேண்டும் என்று எழுதுகிறோம். மணல் வருகிறது, காட்டைக் காணோம்! காரணம் இதுதான்: எந்த நிலத்தின்மேல் காடு வளரவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், புல்நிலத்தின்மேல் என்றே கணனி கொள்ளும். புல்லே இல்லாத படத்தில் காடு எங்கே முளைக்கும்? 'பேஸ் டெரெய்ன்' என்ற ஒரு வரியில் மணல் என்று குறித்துவிட்டால் தீர்ந்தது. குறிப்புரைக்கு இடும் அடையாளங்களைப் பக்கத்துச் சொல்லோடு ஒட்டி எழுதினாலும் இப்படித்தான் குழப்பம் வரும். ஓர் இடைவெளி விடாததற்கு ஓர் இரவுத் தூக்கம் போய்விடும்.

காடு வராதது கண்ணுக்குத் தெரியும். தெரியாத குறைதான் பொல்லாதது. நாம் எந்த வரிசையில் எழுதினாலும் கணனி முதலில் நிலம், பின் மேடு, பின் காடு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தங்கம், கல் என்று வைக்கும். காடு நெருங்கிவிட்டால் தங்கத்துக்கு இடமிராது. ஒருவன் வீட்டருகே தங்கம் நிறைந்திருக்க, மற்றவனுக்குக் குறைந்துபோகும். மேட்டில் நிற்கும் படைக்குத் தாக்கும் வலு நூற்றுக்கு 25 கூடுதல். அந்த மேடும் ஒரு பக்கமே அமைந்துவிட்டால்? தோற்றவனை 'விளையாடத் தெரியாதவன்' என்பார்கள். அவனை நிலமே தோற்கடித்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை. இதனால் நண்பர்கள் முகம் பாராமல் போவதும் உண்டு.

ஆகவே போட்டிக்கு முன், படம் ஆக்கும் பகுதியில் பத்து முறையாவது நிலத்தைப் பிறப்பித்துப் பாருங்கள்; அங்கே முழுப்படமும் மறைவின்றித் தெரியும். காட்டுக் கட்டளையை மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். தங்கம் திரும்பி வந்தால் குற்றம் காட்டில். வராவிட்டால் தூர அளவுகளைப் பாருங்கள். நாலு வரியை ஒன்றாகத் திருத்தினால் எது குணமாக்கியது என்று தெரியவராது.

ஒவ்வொருவர் பக்கத்திலும் தங்கம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க, விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரியோர்களும் வந்து எண்ணலாம்.